சங்கரா மீனைத் தெரிந்து வாங்குவதும், வெட்டும்போது அது வாழ்ந்த கதையைப் படிப்பதும் எப்படி?

மதுரைக்காரர்களுக்குக் கண்மாய் மீனைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரை உயிரோடு இருக்கிறதா, விரால் கண்மாயில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, ஜிலேபி கெண்டையில் சேற்று வாடை அடிக்குமா என்பதையெல்லாம் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். கடல் மீன் என்று வந்துவிட்டால் செவுள் சிவப்பாக இருக்கிறதா, கிலோ என்ன விலை என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அது எங்கே வாழ்ந்தது, என்ன வயசு, குஞ்சா தாய் மீனா என்பதெல்லாம் நம் நினைப்பிலேயே வருவதில்லை. சங்கராவுக்காவது அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பதில் முழுக்க அந்த மீனின் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு கத்தி, ஒரு லென்ஸ் அல்லது கிட்டத்தில் படம் எடுக்கக்கூடிய செல்போன், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும்.

ஏன் சங்கரா? ஜிலேபி கெண்டை சில மாதங்களிலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும், கண்மாய் வற்றி மறுபடி நிறைந்தால் மீனும் நிறைந்துவிடும். பாறையில் வாழும் பெரிய வகைச் சங்கரா அப்படியில்லை. அது வளர்ந்து இனம் பெருக்கவே சில வருஷம் ஆகும், விட்டுவைத்தால் இருபது முப்பது வருஷம் சாதாரணமாக வாழும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன், மேற்கு ஆஸ்திரேலியாவில் ரவ்லி ஷோல்ஸ் என்ற பவளத் திட்டில் 2016இல் பிடிபட்டது, அதற்கு வயது 81 என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. இவ்வளவு நிதானமாக வாழும் ஒரு மீனை, கூறு கட்டி விற்கும் பொடி மீனைப் போல நினைத்து வாங்கக் கூடாது.

கடையில்: இது பார் சங்கராவா?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி என்று பல பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் சிவப்பு மீன் எல்லாமே கரிமேட்டிலோ நெல்பேட்டையிலோ தெருமுனைக் கடையிலோ சங்கரா ஆகிவிடுகிறது. அதில் குறைந்தது மூன்று தனித்தனிக் குடும்பங்கள் கலந்திருக்கும். இந்தக் கட்டுரையில் நான் பேசுவது லுட்ஜானிடே என்ற குடும்பத்து மீனைப் பற்றி, செப்பிலி என்று சில ஊர்களில் சொல்வதும் இதில் அடக்கம். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் பார் என்பார்கள், அந்தப் பாரை ஒட்டியே இதன் வாழ்க்கை என்பதால் இங்கே பார் சங்கரா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அதிகமாகக் குழப்புவது இளஞ்சிவப்பில் ஒல்லியாக, பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் வரும் மீன். உடம்பு நெடுக மெல்லிய மஞ்சள் கோடுகள் ஓடும், ஐஸில் ஒடியாமல் இருந்தால் வாலின் மேல் நுனியில் மஞ்சள் நூல் மாதிரி ஓர் இழை நீண்டிருக்கும். நெமிப்டெரிடே என்ற இன்னொரு குடும்பம் இது. மணலும் சேறுமான தரையில் மேயும், விசைப்படகு இழுத்துப் போகும் வலையான இழுவை மடியில் ஏராளமாகச் சிக்கும், சதை மெத்தென்று இருக்கும். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் மீன் என்பதால் வாராவாரம் வாங்கிச் சாப்பிட இதுவே போதும் என்பது என் கட்சி. ஆனால் பார் சங்கராவின் விலை கொடுத்து இதை வாங்காதீர்கள்.

அடுத்தது விளமீன். உருவம் கிட்டத்தட்ட சங்கரா போலவே இருப்பதால் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, வாய் முடியும் இடத்துக்கும் செவுள் மூடிக்கும் நடுவில் விரலால் தடவினால் விளமீனுக்கு வழவழவென்று தோல் மட்டும்தான் இருக்கும். பார் சங்கராவுக்கு அந்த இடத்தில் வரிசையாகச் செதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும், பின்னாலிருந்து முன்னால் தடவினால் சொரசொரப்பு தட்டும்.

பண்ணையில் வளர்க்கும் சிவப்பு ஜிலேபியை யாராவது சங்கரா என்று நீட்டினால் மூக்கைப் பாருங்கள். ஜிலேபி இனத்துக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு துளைதான். சங்கராவுக்குப் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. இன்னொன்று, உடம்பின் நடுவே செவுளிலிருந்து வால் வரை ஓடும் புள்ளிக்கோடு சங்கராவில் அறுபடாமல் போகும், ஜிலேபியில் பாதியில் நின்று கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி தொடங்கும். தண்ணீரில் ஏற்படும் அதிர்வை மீன் உணர்வது இந்தக் கோட்டால்தான், ஆகவே எந்த மீனை வாங்கினாலும் ஒரு தடவை இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். முன்பக்கம் மேல்தாடையில் கூரான கோரைப்பல் எட்டிப் பார்க்கும். ஆடாமல் அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் வரும் இறாலையோ சின்ன மீனையோ ஒரே கவ்வில் பிடிக்கும் மீனின் பல் அது. விரலை உள்ளே விடாமல் கடைக்காரரிடமே திறந்து காட்டச் சொல்லுங்கள். பல்லைப் பார்க்கும்போது வாயோரத்தையும் கவனியுங்கள், தூண்டில் முள் குத்திய ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் நாட்டுப்படகுத் தூண்டில் மீன். மீன் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் கூடு வைத்துப் பிடித்ததென்றால் வாயில் காயம் இருக்காது, செதிலும் அதிகம் உதிர்ந்திருக்காது. கீழக்கரை, மண்டபம் பக்கம் பார் மீனுக்குக் கூடு வைப்பது பழைய வழக்கம். இழுவை மடியில் நசுங்கி வந்த மீனில் செதில் திட்டுத்திட்டாகப் போயிருக்கும், வயிறும் சீக்கிரம் தளர்ந்துவிடும். “அண்ணே, இது தூண்டில் மீனா, மடி மீனா?” என்று கேளுங்கள். கேட்டுக் கேட்டு வாங்குபவருக்குக் கடைக்காரரும் எடுத்துவைத்துக் கொடுப்பார்.

செவுள், கண், வாடை எல்லாம் நீங்கள் ஏற்கனவே பார்ப்பவைதான், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றைத் தவிர. சில சங்கராவுக்கு வாய்க்குள் இளஞ்சிவப்பில் பலூன் ஊதியது போல ஒரு பை நிறைந்திருக்கும், கண்ணும் பிதுங்கி இருக்கும். கெட்டுப்போன மீன் என்று பலர் ஒதுக்குவார்கள். கெட்டுப்போனது இல்லை, ஆழத்திலிருந்து வந்த மீன் அது. சங்கராவின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு, அதிலிருந்து வாய்க்கோ குடலுக்கோ வழி கிடையாது. கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டர் ஆழத்தில் கிடந்த மீனை மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று ஐந்து மடங்காக விரியப் பார்க்கும், அது இரைப்பையை அப்படியே வாய் வழியாக வெளியே தள்ளிவிடும். செவுளும் உடம்பும் நன்றாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். சின்ன மீன் என்று கடலில் திரும்ப விட்டாலும் இந்த நிலையில் அதனால் கீழே இறங்க முடியாமல் மிதந்தே சாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு மீனை விட்டுவிடுங்கள் என்று கரையில் இருந்து சொல்வது சுலபம், ஆழத்துப் பாரில் அது அவ்வளவு லேசாக நடக்கிற காரியமில்லை.

எந்த அளவில் வாங்குவது?

இதற்குப் பதில் சொல்ல அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

பார் சங்கராவில் ஆணும் பெண்ணும் தனித்தனி. களவா மீன் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறும், சங்கரா அப்படி மாறாது. இனப்பெருக்கக் காலத்தில் பாரின் ஓரத்தில் கூட்டமாகச் சேர்ந்து, தண்ணீரிலேயே முட்டையையும் விந்தையும் கலந்து விட்டுவிட்டுப் போய்விடும். கூடு கட்டுவதோ காவல் காப்பதோ கிடையாது. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, உள்ளே ஒரு துளி எண்ணெய் இருப்பதால் மிதக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு சில வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரியும், அந்த வயதில் முதுகிலும் அடியிலும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட முட்கள் இருக்கும். பிறகுதான் ஓர் இடம் பார்த்து இறங்கும்.

அந்த இடம் நேரே பவளப்பாறையாக இருக்க வேண்டியதில்லை. பல வகைகள் கடற்புல் வெளியிலும், முகத்துவாரத்திலும், அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு நடுவிலும் இளமையைக் கழிக்கின்றன. லுட்ஜானஸ் அர்ஜென்டிமேகுலேட்டஸ் என்ற பெரிய செஞ்சங்கராவுக்கு இது நன்றாகவே தெரிந்த கதை. அலையாத்தி வேருக்குள் குஞ்சாகப் பதுங்கி, உப்பு குறைந்த தண்ணீரில்கூட ஏறிப்போய் மேய்ந்து, வளர்ந்த பிறகு கடலுக்கு இறங்கி, பாருக்குப் போய், 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை போய்விடும். மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய காரங்காட்டில் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள், போனால் பறவையை மட்டும் பார்க்காமல் வேரடியில் நிழலாடும் இடத்தையும் பாருங்கள். அலையாத்தி மரத்தை வெட்டினால் எங்கோ தள்ளி இருக்கும் பாரில் மீன் குறையும் என்பது எப்படி என்று அங்கே போனால் புரியும்.

வளர்ந்த பிறகு வாழ்க்கை பாரோடுதான். பகலில் பாறை விளிம்பின் அடியிலும் பொந்திலும் கூட்டமாக ஒதுங்கி நிற்கும், பொழுது சாய்ந்ததும் பிரிந்து போய்ச் சுற்றியுள்ள மணலிலும் புல்வெளியிலும் நண்டு, இறால், சின்ன மீன், கணவாய் என்று வேட்டையாடும். அந்தப் பெரிய கண் இருட்டுக்கு. அந்தச் சிவப்பும் பாதுகாப்புக்குத்தான், சிவப்பு ஒளி கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடுவதால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மீன் கீழே கருஞ்சாம்பல் நிழலாகத்தான் தெரியும். அந்த நிறத்துக்கு முக்கியமான மூலப்பொருள் தின்ற இறாலிலும் நண்டிலும் இருக்கும் நிறமி. அதை மீன் தானாகத் தயாரிக்க முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும்.

இப்போது அளவுக்கு வருவோம். இந்தக் குடும்பத்து மீன்கள் பொதுவாகத் தாங்கள் எட்டக்கூடிய முழு நீளத்தில் பாதிக்கு நெருங்கும்போதுதான் முதல் தடவை சினை பிடிக்கின்றன. ஆகவே முதலில் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் துடுப்பும் உடம்பின் பின்பாதியில் கருப்புப் பொட்டும் உள்ள சின்ன வகைகள் இருக்கின்றன, அவற்றில் ஒரு சாணுக்கு மேலிருந்தால் வளர்ந்த மீனாகத்தான் இருக்கும். ஆனால் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று வளரும் பெரிய சிவப்பு வகையில் ஒரு சாண் மீன் சந்தேகமே இல்லாமல் குஞ்சு. குஞ்சுக்கு அடையாளமும் உண்டு. பெரிய சிவப்புச் சங்கராக்களில் ஒரு வகைக்குச் சின்ன வயதில் மேல்தாடையிலிருந்து முதுகுக்குச் சாய்வாக ஒரு கருங்கோடும், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை விளிம்போடு ஒரு கருந்திட்டும் இருக்கும். இன்னொரு வகைக்கு உடம்பின் குறுக்கே மூன்று அடர்சிவப்புப் பட்டைகள். பெரிதாக ஆக இவை மங்கிப்போகும். தட்டில் முழு மீனாக வைத்துப் பரிமாற வசதி என்று ஓட்டல்கள் கேட்பது இந்த அளவு மீனைத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஒரு தடவைகூட முட்டையிடாத மீனை அழகுக்காகத் தட்டில் கிடத்துவது நியாயமாகப் படவில்லை.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை வாங்கலாமா என்றால் அதுவும் வேண்டாம். காரணம் இரண்டு.

ஒன்று முட்டை. மெக்சிகோ வளைகுடாவின் சிவப்புச் சங்கராவில் பார்த்த கணக்கு இது: 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தாய் மீன் சுமக்கும் முட்டை, 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 தாய் மீன்கள் சுமக்கும் முட்டைக்குச் சமம். நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லை, முட்டையோ இருநூறு மடங்கு. ஒரு பாரில் இருக்கும் பத்துப் பெரிய கிழட்டுத் தாய் மீன்களைப் பிடித்துவிட்டால் அங்கே சின்ன மீன் நிறைய மிஞ்சி இருந்தாலும் அந்த இழப்பு லேசில் ஈடாகாது.

இரண்டாவது நம் உடம்பு. பாறையில் படியும் ஒருவகை நுண்ணுயிர்ப் பாசியில் உருவாகும் சிகுவாடாக்சின் என்ற நஞ்சு, அதை மேயும் மீன், அந்த மீனைத் தின்னும் மீன் என்று ஏறிக்கொண்டே போய்ப் பெரிய வேட்டை மீனில் சேரும். சமைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது, வாடையிலும் ருசியிலும் தெரியாது. வாந்தி பேதியோடு, வாயைச் சுற்றியும் கைகாலிலும் மதமதப்பு வரும், குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் உலகம் முழுக்கக் கெட்ட பெயர் எடுத்தது லுட்ஜானஸ் போஹார் என்ற சங்கரா. நிறம் அடர்சிவப்போடு கருமை கலந்தது, மூக்குத் துளையிலிருந்து கண்ணுக்கு ஓர் ஆழமான பள்ளம் ஓடும். நம் பக்கம் தினம் நடக்கிற விஷயம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனாலும் மிகப் பெரிய பார் மீனாக இருந்தால் ஈரலையும் குடலையும் சினையையும் குழம்பில் போடாதீர்கள், நான் சொன்ன அறிகுறி தெரிந்தால் என்ன மீன் சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆக, பெரிய வகையில் நடுத்தர மீன். ஒரு தடவையாவது சினை பிடித்திருக்கக்கூடிய, ஆனால் பாரின் பெரிய தாய் ஆகாத மீன். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு மீனே தாராளமாகப் போதும்.

வெட்டும்போது: உடம்பைப் படிப்பது

கடையில் வெட்டச் சொன்னால் செதிலை எடுத்து, குடலை எடுத்து, தலையை நடுவில் பிளந்து கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். “அக்கா, செதிலை மட்டும் எடுங்க, தலையைப் பிளக்காம முழுசாக் கொடுங்க” என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து வெட்டிப் பழகியவர் வீட்டில் இருந்தால் வேலை சுலபம், குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட நன்றாக மனசில் பதியும்.

கடையில் எடுத்தது போக ஒட்டியிருக்கும் செதில் ஒன்றை எடுத்துக் கழுவி லென்ஸில் பாருங்கள். வெளியே தெரிந்த ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கும். சங்கராவை வாலிலிருந்து தலைக்குத் தடவும்போது கையைக் கீறுவது அதுதான்.

வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். சில மீனில் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, பல கால்களோடு ஒரு பூச்சி கவ்வி உட்கார்ந்திருக்கும். கடல் மீன்களில் வாழும் ஒட்டுண்ணி அது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் மனிதருக்கு ஒன்றும் செய்யாது, எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம்.

வயிற்றைக் கீறினால் குடல் குட்டையாக இருப்பது முதலில் கண்ணில் படும், பாசி தின்னும் ஜிலேபிக்குச் சுருள் சுருளாக நீண்ட குடல் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறைச்சி தின்பதற்கு நீண்ட குடல் தேவையில்லை. இரைப்பையைத் தனியாக எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் பிரித்தால் நண்டுக் கால், இறால் தலை, சின்ன மீனின் முதுகெலும்பு ஏதாவது கிடைக்கும், முந்தின ராத்திரி அது எங்கே மேய்ந்தது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். தூண்டிலில் பிடித்த மீனில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், பசித்த மீன்தானே தூண்டிலைக் கடிக்கும், தவிர மேலே வரும்போதே கக்கியும் விடும். முதுகெலும்பை ஒட்டி வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒட்டியிருக்கும் தோல்தான் நான் முன்னால் சொன்ன காற்றுப்பை. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் கிடப்பது சினைப்பை. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மணல்மணலாக இருந்தால் பெண், வெண்மையாகத் தட்டையாக இருந்தால் ஆண், நூல் மாதிரி இருந்தும் இல்லாமலும் இருந்தால் இன்னும் பருவத்துக்கு வராத மீன். அப்படி நூலாக இருந்தால், அடுத்த தடவை அதே வகையை இன்னும் பெரிய அளவில் கேட்டு வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து அளவுகோலைவிட நம்பகமான கணக்கு இது.

இனி தலை. இதற்குத்தான் பொறுமை வேண்டும், இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பகுதி.

மீனுக்கு வெளியே காது இல்லை, உள்ளே இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய கல், சுண்ணாம்பால் ஆனது. மீனின் சதை ஏறக்குறையத் தண்ணீரின் அடர்த்தியிலேயே இருப்பதால் சத்தம் வரும்போது உடம்பு தண்ணீரோடு சேர்ந்து அதிரும், கல் கனமானது என்பதால் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைக் கல்லின் அடியில் இருக்கும் நுண்மயிர்கள் உணர்வதுதான் மீன் கேட்பது. மேல் எது கீழ் எது என்று தெரிவதற்கும் இந்த உறுப்பே உதவுகிறது. குஞ்சாக இருக்கும்போதே உருவாகிவிடும் இந்தக் கல், மீன் சாகும் வரை படலம் படலமாக வளர்ந்துகொண்டே இருக்கும், படிந்தது கரையாது. கத்தாளை மீனில் இந்தக் கல் பெரிதாக இருக்கும், அதைச் சாப்பிட்டவர்கள் பல்லில் கடிபட்டுப் பார்த்திருப்பீர்கள். சங்கராவில் சுரைவிதை மாதிரி தட்டையாக, ஒரு பக்கம் லேசாக வளைந்து, இன்னொரு பக்கம் ஒரு வாய்க்கால் ஓடி, விளிம்பில் பற்கள் வெட்டியது போல இருக்கும்.

எடுப்பதற்கு இரண்டு வழி. பச்சை மீனென்றால் செவுள் இரண்டையும் பிடுங்கிவிட்டுத் தலையை மல்லாத்துங்கள். முதுகெலும்பு மண்டையோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், அடிப்பக்கத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள் எலும்பில் தெரியும். கத்தி நுனியை வைத்து மெல்ல நெம்பினால் எலும்பு சில்லாகப் பெயரும், உள்ளே வெள்ளையாகக் கல் தெரியும், புருவம் எடுக்கும் இடுக்கியால் எடுத்துவிடலாம். ஓங்கி வெட்டினால் கல் நொறுங்கும், ஆகவே அவசரம் வேண்டாம். இரண்டாவது வழி சுலபமானது. தலையைக் குழம்பில் போட்டு, சாப்பிடும்போது மண்டையைப் பிரித்து எடுப்பது. புளிக்குழம்பில் அதிக நேரம் கொதித்தால் புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கொஞ்சம் அரிக்கும், பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்றால் தலையைத் தனியாக வெறும் தண்ணீரில் வேகவைத்து எடுத்துக்கொண்டு பிறகு குழம்பில் போடுங்கள்.

எடுத்ததும் கழுவி, ஒட்டியிருக்கும் சவ்வை உரித்து, நிழலில் காயவையுங்கள். கறுப்புத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதில் கல்லை வைத்து, பக்கவாட்டிலிருந்து செல்போன் டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தால் நடுவிலிருந்து வெளியே வெளுப்பும் மங்கலுமாக மாறிமாறி வளையங்கள் தெரியும். வெளுப்பு ஒன்று, மங்கல் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பொதுவாக ஒரு வருஷம். வயதான மீனில் கல் தடித்துப்போவதால் மேலாகப் பார்த்தால் வளையம் குறைவாகத்தான் தெரியும். அப்போது இரண்டு கல்லில் ஒன்றை நடுவில் குறுக்காக ஒடியுங்கள். ஒடிந்த முகத்தை வன்பொருள் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில், முதலில் 600 நம்பர், பிறகு 1200 நம்பர் என்று தண்ணீர் விட்டு மெல்லத் தேயுங்கள். வழவழப்பானதும் இடுக்கியில் பிடித்து அந்த முகத்தை மெழுகுவத்திச் சுடரில் ஒரு கணம் காட்டினால் மங்கல் வளையங்கள் பழுப்பேறித் தனித்துத் தெரியும். அதிகம் காட்டினால் கருகிப் பொடியாகிவிடும், பழுப்பு ஏறத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, வாய்க்கால் இருக்கும் பக்கமாக, நடுவிலிருந்து விளிம்புக்கு எண்ணுங்கள். ஆய்வுக்கூடத்தில் வைரப்பல் ரம்பத்தால் தாள் போலச் சீவி நுண்ணோக்கியில் எண்ணுவார்கள், 81 வயது என்று கண்டதும் அப்படித்தான். வீட்டுக் கணக்கு ஒன்றிரண்டு கூடக் குறையத்தான் வரும். நம் கடலில் குளிர்காலம், கோடைகாலம் என்று பெரிய வித்தியாசம் இல்லாததால் எல்லாக் கல்லிலும் வளையம் பளிச்சென்று விழுவதும் இல்லை. ஆனாலும் தட்டில் இருந்த மீனுக்கு ஆறு வயது, நம் வீட்டில் யூகேஜி படிக்கும் பிள்ளையைவிட மூத்தது என்று தெரியும்போது அதைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

மிஞ்சிய கல்லைத் தீப்பெட்டியில் போட்டு, வாங்கிய தேதி, மீனின் நீளம், எந்த ஊர் மீன், சினை எப்படி இருந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் உங்கள் தெருக்கடைக்கு வரும் சங்கரா வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டு வருகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எப்போது வாங்குவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்தச் சமயத்தில் நம் கடலின் மீன் என்று வருவது நாட்டுப்படகுக்காரர்கள் தூண்டிலிலும் கூட்டிலும் சின்ன வலையிலும் பிடித்தது, அளவு குறைவு, விலை கூடுதல், தரம் நன்றாக இருக்கும். கேரளப் பக்கத்தில் விசைப்படகுத் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் முழுக்க அங்கிருந்தும் மீன் வரும். எந்தப் பக்கத்து மீன் என்று கேட்டு வாங்குங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றித்தான் நமக்குப் பக்கத்தில் இருக்கும் பவளப்பாறைகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி அது, அங்கே பிடிக்கக் கூடாது, மீனவர்கள் பிடிப்பது அதற்கு வெளியே இருக்கும் பார்களில். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் பெருமளவு வெளுத்தன. செத்த பவளம் கொஞ்ச நாள் அப்படியே நிற்கும், பிறகு அலையில் உடைந்து சில்லாகிவிடும், பொந்தும் விளிம்பும் போய்விடும். பகலில் ஒதுங்க நிழல் இல்லாத இடத்தில் சங்கரா நிற்காது. மண்டபம் பக்கம் போகிறவர்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடையில் ஐஸின் மேல் மல்லாந்து கிடப்பதை மட்டுமே பார்த்த கண்ணுக்கு, மீன் தண்ணீரில் துடுப்பை விரித்து நிற்பது வேறு மாதிரி இருக்கும், முதுகுத் துடுப்பின் முன்பாதி முள்ளும் பின்பாதி மெத்தென்ற கதிருமாக ஒரே பாய் போல ஓடுவதை உயிருள்ள மீனில் பார்த்துவிட்டால், கடையில் ஒட்டிக் கிடக்கும் துடுப்பையும் கையால் விரித்துப் பார்க்கப் பழகிவிடுவீர்கள்.